கொள்ளைப் பொருளாக மனிதர்கள்: மங்கோலியப் பேரரசு விட்டுச் சென்றது

1258 பிப்ரவரியில், செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு கானின் மங்கோலியப் படை பாக்தாதுக்குள் நுழைந்தபோது இப்னுல் ஃபுவாத்தி பதின்வயதுப் பையன். நகரம் சூறையாடப்பட்டது. பாக்தாதின் கடைசி அப்பாசியக் கலீஃபா கொல்லப்பட்டார். பையனைக் கைதியாக இழுத்துச் சென்றார்கள். சில ஆண்டுகள் கழித்து அவன் வடமேற்கு ஈரானின் மராகா நகரில், கணித மேதை நசீருத்தீன் தூசியிடம் போய்ச் சேர்ந்தான். ஹுலாகு கொடுத்த பணத்தில் தூசி அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டியிருந்தார். போரில் பிடித்த நூல்கள் எல்லாம் அங்கேதான் குவிந்துகொண்டிருந்தன. அந்த நூலகத்துக்கு இப்னுல் ஃபுவாத்தி பொறுப்பாளர் ஆனார். பின்னாளில் பாக்தாதுக்கே திரும்பி, முஸ்தன்சிரிய்யா கல்விக்கூடத்தின் நூலகத்தையும் கவனித்தார். 1323இல் இறந்தார். தன் ஊரை அழித்தவர்களின் படியளப்பில் வாழ்ந்து, அந்த ஊரின் அறிஞர்களைப் பற்றியே எழுதி வைத்த மனிதர்.

மங்கோலியரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது. ஒன்று மண்டையோட்டுக் கோபுரங்களின் கதை. இன்னொன்று கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் செல்வாக்குப் பெற்றது: வணிகப் பாதைகள், மதச் சகிப்பு, அஞ்சல் முறை, கிழக்கும் மேற்கும் கைகுலுக்கிய காலம். நடுநிலையாளர்கள் இரண்டையும் தராசில் வைத்து, இத்தனை கெட்டது, இத்தனை நல்லது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தராசே பொருந்தாததாகப் படுகிறது. இப்னுல் ஃபுவாத்தி எந்தத் தட்டில் வருவார்? அழிவும் பரிமாற்றமும் ஒரே நிர்வாக முறையின் வேலைகள். மனிதர்களை எண்ணுவது, தொழில்வாரியாகப் பிரிப்பது, வெற்றியில் கிடைத்த பங்காகக் குடும்பத்துக்குள் பகிர்வது. அந்த முறையைப் பிடித்துக்கொண்டால் பேரரசின் மற்ற விஷயங்கள் பலவும் விளங்கும்.

முறை புல்வெளியில் பிறந்தது. அங்கே நிலம் எவருக்கும் குறைவில்லை. மந்தையும், அதை மேய்க்கவும் காக்கவும் ஆள்பலமும்தான் செல்வம். 1206இல் ஓனோன் ஆற்றங்கரையில் கூடிய பேரவை தெமுஜினைச் செங்கிஸ் கானாக அறிவித்தது. அதையொட்டி அவர் செய்த பெரிய வேலை பழைய குலங்களை உடைத்ததுதான். பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற அடுக்கில் மக்களைப் புதிதாக அடுக்கினார். அப்போது அமைந்த ஆயிரங்கள் 95. ஒவ்வோர் ஆயிரத்துக்கும் ஒரு தலைவன். அவனுக்கு எஜமானன் குலம் அல்ல, கான். தோற்ற தாத்தார்களும் கெரைத்துகளும் நைமான்களும் சிதறடிக்கப்பட்டு வெவ்வேறு ஆயிரங்களுக்குள் கரைக்கப்பட்டார்கள். மங்கோலியர் என்ற இனமே ஒரு வகையில் இந்தக் கலவையில் உருவானதுதான். மங்கோலிய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறான ஈரமும் மிதவெப்பமும் இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். புல் செழித்தால் குதிரை பெருகும். ஆனால் நல்ல மழை அதற்கு முன்பும் பெய்திருக்கும்; அதை ஒரு பேரரசாக மாற்றிய அமைப்பு அப்போதுதான் இருந்தது.

1218இல் சிர் தரியா ஆற்றங்கரை ஓத்ரார் நகரின் ஆளுநர், செங்கிஸ் கான் அனுப்பிய சுமார் 450 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றான். அவனுடைய அரசர் குவாரஸ்ம் ஷா, நியாயம் கேட்டு வந்த தூதரையும் கொன்றார். மறு ஆண்டு படை வந்தது. 1220இல் புகாராவும் சமர்கந்தும் விழுந்தன. சமர்கந்தில் நடந்ததை, பிற்பாடு மங்கோலியரிடமே அதிகாரியாக இருந்த பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதியிருக்கிறார். எதிர்த்து நின்ற காவற்படையைக் கொன்றபின் மக்களை ஊருக்கு வெளியே கொண்டுவந்து எண்ணினார்கள். கைவினைஞர் 30,000 பேரைத் தனியே பிரித்துக் கானின் மகன்களுக்கும் உறவினருக்கும் பங்கிட்டார்கள். அதே அளவு ஆட்களை முற்றுகை வேலைக்கென்று பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் பணம் கட்டி ஊருக்குள் திரும்பலாம். அடுத்த நகரத்தின் அகழியைத் தூர்க்கும்போது முன்வரிசையில் நின்றது இப்படிப் பிடிபட்டவர்கள்தான்.

நகரவாசலில் நடந்த இந்தப் பிரிப்பைத்தான் நான் மங்கோலிய ஆட்சியின் மையச் செயலாகப் பார்க்கிறேன். 1221இல் மெர்விலும் நிஷாப்பூரிலும் பிரிப்பு முடிந்தபின் மற்றவர்களை வெட்டிப்போட்டார்கள் என்கின்றன நூல்கள். அங்கேயும் கைவினைஞர்கள் தப்பினார்கள்.

தப்பியவர்கள் எங்கே போனார்கள்? சமர்கந்து நெசவாளர்கள் பெய்ஜிங்குக்கு வடமேற்கே சிமாலி என்ற ஊரில் குடியேற்றப்பட்டார்கள். பொன்சரிகைப் பட்டு நெய்வது அவர்கள் வேலை. அந்த ஊர்த் தோட்டங்கள் சமர்கந்துத் தோட்டங்கள் போலவே இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். 1254இல் மோங்கே கானின் தலைநகர் காரகோரத்தில் தங்கிய பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ரூப்ருக், அங்கே ஐரோப்பியக் கைதிகள் பலரைக் கண்டார். மெட்ஸ் நகரத்துப் பெண் பாகெத் ஹங்கேரியில் பிடிபட்டவள். சொல்ல முடியாத துன்பங்களுக்குப் பிறகு, வீடு கட்டத் தெரிந்த ருஸ் (பழைய ரஷ்ய) தேசத்து இளைஞன் ஒருவனை மணந்து மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். பாரிஸ் பொற்கொல்லர் கியோம் பூஷே பெல்கிரேடில் பிடிபட்டவர். கானின் அரண்மனை வாசலில் அவர் ஒரு வெள்ளி மரம் செய்து வைத்திருந்தார். அதன் குழாய்களிலிருந்து திராட்சை மது, குதிரைப்பால் மது, தேன் மது, அரிசி மது எல்லாம் கொட்டும். உச்சியில் எக்காளத்துடன் ஒரு தேவதை. எக்காளம் ஊதத் துருத்தி வைத்துப் பார்த்திருக்கிறார், காற்று போதவில்லை. கடைசியில் அடியில் ஒரு ஆளை ஒளித்து வைத்து ஊதச் செய்தார். காரகோரத்தைப் பார்த்து வியப்பவர்கள் அந்த அடியறை ஆளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ரூப்ருக் தேடிப் போன வேறு கைதிகளும் உண்டு: புரி என்ற இளவரசனுக்குச் சொந்தமாயிருந்த ஜெர்மானியர்கள். அவர்களை மோங்கே, குடும்பத்தின் இன்னொரு கிளைத் தலைவர் பாத்து கானின் சம்மதம் பெற்று, பொன் தோண்டவும் ஆயுதம் செய்யவும் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார். இங்கே கவனிக்க வேண்டியது அந்தச் சம்மதம். உலகின் பேரரசனே இன்னொரு கிளையின் ஆட்களை நகர்த்தக் கேட்டுத்தான் செய்கிறான். ஏனென்றால் பேரரசு செங்கிஸ் கான் குடும்பத்தின் கூட்டுச் சொத்து. ஈரானை ஆண்ட ஹுலாகுவுக்கு வடசீனத்தின் ஜாங்தேயில் குடிகள் பங்காக இருந்தார்கள். வோல்கா கரையில் இருந்த பாத்துவின் குடும்பத்துக்கு ஷான்சியின் பிங்யாங்கில் பங்கு. பங்கு தூரத்தில் கிடந்தால் கணக்குப் பார்க்க ஆள் போக வேண்டும், பட்டும் வெள்ளியும் வந்து சேர வேண்டும், யார் எத்தனை குடி என்று பதிவேடு வேண்டும். குடும்பத்துக்குள் போர் மூண்ட காலத்திலும் இந்த உரிமைக் கோரிக்கைகள் மறையவில்லை. யூரேசியாவை இணைத்தது வணிகத் தாராளம் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி, பாகப்பிரிவினை ஆகாத பரம்பரைச் சொத்து.

குடிகளைக் கொல்வதைவிட எண்ணி வரி வாங்குவது லாபம் என்பதும் போகப் போகத்தான் உறைத்தது. வடசீனத்தை ஆளற்ற மேய்ச்சல் நிலமாக்கிவிடலாம் என்று சில மங்கோலியத் தலைவர்கள் செங்கிஸ் கானின் மகனும் அடுத்த கானுமான ஒகதாயிடம் சொன்னபோது, கித்தான் குலத்து ஆலோசகர் யேலு சூத்சாய் கணக்கை எடுத்துக் காட்டினார்: ஒழுங்காக வரி போட்டால் ஆண்டுக்கு 5 லட்சம் அவுன்ஸ் வெள்ளி, 80,000 பட்டுச் சுருள்கள், அதோடு தானியமும். ஒகதாய் ஒப்புக்கொண்டார். பெரிய மனிதநேய வாதம் எதுவும் தேவைப்படவில்லை. 1250களில் மோங்கே சீனம், ஈரான், ருஸ் நாடுகள் எங்கும் குடிக்கணக்கு எடுக்கச் செய்தார். எல்லாச் சமயத் துறவிகளுக்கும் வரிவிலக்கு கிடைத்ததும் இதே பிரிப்பின் ஒரு வகைதான்: அவர்களின் வேலை கானுக்காகப் பிரார்த்திப்பது. அதை நவீனச் சமயச் சுதந்திரமாகப் படிப்பது கொஞ்சம் அதிகம்.

புகழ்பெற்ற யாம் அஞ்சல் நிலையங்களும் மேலிருந்து பார்த்தால் ஒரு விதம், கீழிருந்து பார்த்தால் வேறு விதம். கையில் பைசா எனும் உலோகப் பட்டயம் வைத்திருந்தவர் நிலையத்துக்கு நிலையம் குதிரை மாற்றிக்கொண்டு கண்டத்தையே தாண்டலாம். குதிரையும் தீவனமும் சாப்பாடும் தர வேண்டியவர்கள் அக்கம்பக்கக் குடிகள். இளவரசர்களும் வணிகக் கூட்டாளிகளும் சொந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தியதால், ஒவ்வொரு கானும் வந்ததும் பட்டயங்களைப் பறிமுதல் செய்வதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. வரிக்காரர்கள் வருவதைக் கண்டதும் யஸ்த் பகுதிக் கிராமத்தார் ஊரைவிட்டே ஓடியதை ரஷீதுத்தீன் எழுதி வைத்திருக்கிறார். அவர் மங்கோலியரின் அமைச்சர். யூதராகப் பிறந்து இஸ்லாத்துக்கு மாறிய மருத்துவர். சீனர், பிராங்குகள் (ஐரோப்பியர்), இந்தியர் வரலாறுகளையும் சேர்த்து அவர் உருவாக்கிய பெருநூலுக்கு, சீனத்தை ஆண்ட குப்லாய் கானின் அரசவையிலிருந்து ஈரானுக்கு வந்த போலாத் என்ற மங்கோலியர் தகவல் தந்தார். 1318இல் அரண்மனைச் சூழ்ச்சியில் ரஷீதுத்தீன் கொல்லப்பட்டார்.

அறிவுப் பரிமாற்றம் என்றதும் இரண்டு ஆறுகள் கலந்த மாதிரி ஒரு படம் தோன்றிவிடுகிறது. நடந்தது அப்படியில்லை. 1267இல் ஜமாலுத்தீன் என்ற பாரசீக வானியலாளர் குப்லாய்க்குக் கருவிகளும் நாட்காட்டியும் கொடுத்தார். 1271இல் கோடைத் தலைநகர் ஷாங்துவில் முஸ்லிம் வானியல் துறையே ஏற்பட்டது. தனியே சீன வானியல் துறையும் இருந்தது. அங்கே குவோ ஷௌஜிங் 1281இல் நடைமுறைக்கு வந்த புதிய நாட்காட்டியில் ஆண்டின் நீளத்தை 365.2425 நாளாக வைத்தார். இரண்டு துறைகளும் ஒரே அரசின் கீழ் இருந்தும் பெரிதாகக் கலக்கவில்லை. கானுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது சோதிடரின் கருத்து. பொருட்களின் கதை வேறு. ஜிங்தெஜென் குயவர்கள் 14ஆம் நூற்றாண்டில் ஈரானியக் கோபால்ட் நீலத்தை வெண்பீங்கானில் தீட்டினார்கள். மேற்காசியச் சந்தைக்கென்றே பெரிய தட்டுகள் செய்தார்கள். இன்று சீனத்தின் அடையாளமாகத் தெரியும் நீலவெண் பீங்கான் அப்படி வந்தது.

மாற்ற முயன்று கவிழ்ந்த கதையும் உண்டு. 1294இல் ஈரானின் மங்கோலிய அரசர் கைக்காத்து கஜானாவைக் காலி செய்திருந்தார். சீனத்தைப் பார்த்து, அதே 'சாவ்' என்ற பெயரில், தப்ரீஸில் காகிதப் பணம் அச்சடித்தார்கள். சீன எழுத்துகள்கூட அதில் இருந்தன. வாங்க மறுத்தால் மரண தண்டனை. கடைகள் அடைபட்டன, உணவு மறைந்தது, நகரமே காலியானது. சில வாரங்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். சீனத்தில் குப்லாய் 1260இல் வெளியிட்ட நோட்டுக்குப் பின்னால் வெள்ளிக் கையிருப்பும், வரியாக அதையே ஏற்கும் வழக்கமும், முந்தைய சோங் வம்சக் காலத்திலிருந்து வந்த பழக்கமும் இருந்தன. தப்ரீஸுக்குக் காகிதம் மட்டும்தான் வந்து சேர்ந்தது. சீனத்திலும், குப்லாயின் யுவான் வம்சத்தின் கடைசி அரசர்கள் கணக்கில்லாமல் அச்சடித்தபோது நோட்டு மதிப்பிழந்தது.

சேதத்தின் அளவைச் சொல்வது கடினம். மெர்வில் 13 லட்சம் பேர் என்று ஜுவைனி எழுதுவதை இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்த நகரத்தில் அத்தனை பேர் இருந்திருக்கவே முடியாது. பாக்தாதில் 2 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது எதிரிகள் இல்லை, 1262இல் பிரான்ஸ் அரசருக்கு எழுதிய கடிதத்தில் ஹுலாகுவே. பயத்தைப் பரப்புவது அவருக்கு லாபம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். சீனத்தில் 1290 கணக்கெடுப்பு சுமார் 5 கோடியே 88 லட்சம் பேரைக் காட்டுகிறது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு வடக்கும் தெற்குமாக 10 கோடிக்கு மேல் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வித்தியாசம் முழுவதும் சாவு அல்ல. பிரபுக்களின் அடிமைகளாகி ஏட்டிலிருந்து மறைந்தவர்கள் ஏராளம். ஆனாலும் வடசீனம் பட்ட அடி பெரியது. பாதிப்பு இடத்துக்கு இடம் மாறியது. மெர்வின் முர்காப் அணை போனதோடு ஊரும் போயிற்று; 15ஆம் நூற்றாண்டில் தைமூரின் மகன் ஷாருக்தான் அதைத் திரும்பக் கட்டினார். முன்கூட்டியே பணிந்துபோன ஷிராஸ் தப்பித்தது. கவிஞர் சஅதி அங்கிருந்துதான் எழுதினார்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்கு உண்டு. பாரசீக, சீன ஆவணங்கள் பாண்டிய நாட்டை மாபார் என்கின்றன. அங்கே நல்ல குதிரை பிறக்காது. குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து, அதாவது மங்கோலியர் ஆண்ட ஈரானிலிருந்து வந்தன. வளைகுடாவின் கீஷ் தீவு வணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம், மங்கோலிய அரசிடம் பார்ஸ் மாகாணத்தின் வரிக் குத்தகை எடுத்தவர். அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியர் அவையில் அமைச்சர் அந்தஸ்தில் இருந்தார். காயல் துறைமுகம் அவர் கையில். ஜமாலுத்தீனின் தொழுவங்களிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் போயின என்றும், ஒன்றின் விலை 220 தினார் என்றும், வழியில் செத்த குதிரைக்கும் விலை உண்டென்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அண்ணன் விற்பனையாளர், தம்பி கொள்முதல் அதிகாரி!

கிழக்குப் பக்கம், சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சகாப்தம் 1203 சித்திரையில், 'செகாசைகான் திருமேனிக்கு நன்றாக', அந்தக் கானின் ஆணைப்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளுவித்ததை அது சொல்கிறது. செகாசைகான் என்பது குப்லாய். அந்த ஆண்டுகளில் குப்லாய்க்கும் பாண்டிய நாட்டுக்கும் கொல்லத்துக்கும் இடையே தூதர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். கோயில் எழுப்பும் உரிமைக்கு ஈடாகக் கானின் நலனை வேண்டுவது, துறவிகளுக்கு வரிவிலக்கு தந்த அதே ஏற்பாடு.

தில்லிக்கு மங்கோலியர் வேறு முகம் காட்டினார்கள். மத்திய ஆசியாவிலிருந்து தப்பி வந்த அறிஞர்களும் வீரர்களும் 13ஆம் நூற்றாண்டில் தில்லியை நிரப்பினார்கள். 1303இல் அலாவுதீன் கில்ஜியின் படைகள் சித்தூரிலும் வாரங்கலிலும் சிக்கியிருந்த நேரம் பார்த்து, மத்திய ஆசிய மங்கோலிய அரசான சகதாய் கானேட்டின் தளபதி தர்கி தில்லியையே முற்றுகையிட்டான். அவன் போனபின் அலாவுதீன் சீரி கோட்டையைக் கட்டினார். குறைந்த சம்பளத்தில் பெரிய படை வைத்திருப்பதற்காகத்தான் தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை நிர்ணயம் செய்தார் என்கிறார் தில்லி வரலாற்றாசிரியர் பரணி. 1311இல் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்ததை வெறும் பொன்னாசையாகப் பார்க்கிறோம். அந்தப் படையெடுப்பில் கிடைத்த குதிரைகள் 5,000 என்கிறார் தில்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ. பரணி கணக்கில் 20,000. வடமேற்கு எல்லைப் பாதைகளை மங்கோலியர் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் குதிரை, தில்லிக்குப் பொன்னைவிடக் குறைந்ததல்ல. அவற்றில் நிறைய ஜமாலுத்தீனின் வளைகுடாக் குதிரைகளாகவே இருந்திருக்க வேண்டும். மங்கோலிய ஈரானில் வளர்ந்து, காயலில் இறங்கி, மதுரையில் பறிபோய், மங்கோலியரையே எதிர்க்க தில்லி போன குதிரைகள்.

இணைந்த பாதைகளில் நோயும் போனது. கிர்கிஸ்தானின் இசிக் குல் ஏரி அருகே 1338, 1339 ஆண்டுக் கல்லறைகள் பல, கொள்ளைநோயில் இறந்ததாகவே சிரியாக் மொழியில் சொல்கின்றன. 2022இல் அந்த எலும்புகளில் பிளேக் கிருமியின் மரபணு கிடைத்தது. 1346இல் கருங்கடல் துறைமுகம் கஃபாவை முற்றுகையிட்ட மங்கோலியப் படையில் நோய் பரவியது. மறு ஆண்டு அது கான்ஸ்டான்டிநோபிளில். பிணங்களைக் கவண் பொறியில் ஏற்றி ஊருக்குள் வீசினார்கள் என்ற கதை பிரபலம். எலிக்கும் தானியக் கப்பலுக்கும் கவண் பொறி தேவையில்லை.

ரஷ்யாவைப் பற்றி இரண்டு வரி போதும். மாஸ்கோ வளர்ந்தது, கானுக்காக மற்ற சிற்றரசுகளிடம் கப்பம் வசூலிக்கும் வேலையை அதன் இளவரசர் இவான் கலீத்தா பிடித்துக்கொண்டதால். 1480இல் உக்ரா ஆற்றங்கரையில் கானின் படை சண்டையிடாமல் திரும்பியதோடு அந்தக் கணக்கு முடிந்தது.

பேரரசு உடைந்தபின்னும் நீண்ட காலம் நீடித்தது ரத்த உரிமை. செங்கிஸ் வம்சத்தில் பிறக்காத தைமூர், பெயருக்கு ஒரு செங்கிஸ் வாரிசைக் கானாக வைத்துக்கொண்டு, தன்னை அந்த வீட்டின் மருமகன் என்றே அழைத்துக்கொண்டார். பாபருக்குத் தாய்வழியில் சகதாய் வம்சம். மஞ்சுக்கள் 1635இல் கடைசி மங்கோலியப் பெருங்கானின் மகனிடமிருந்து யுவான் முத்திரையைப் பெற்றதாக அறிவித்து, மறு ஆண்டே சிங் வம்சம் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

சண்டை இப்போது வாரிசுகளிடமிருந்து அரசாங்கங்களுக்கு மாறியிருக்கிறது. சோவியத் நிழலில் மங்கோலியாவில் செங்கிஸ் கானைப் புகழ்வதே ஆபத்து. 1962இல் அவருடைய 800ஆவது பிறந்த ஆண்டைக் கொண்டாட முனைந்த, கட்சித் தலைவர்களில் ஒருவரான தோமோர் ஓச்சிர் பதவியிழந்தார். இன்று அந்நாட்டுப் பணத்தாளில் இருப்பதும் அவர், தலைநகருக்கு வெளியே 40 மீட்டர் உயரத்தில் குதிரை மேல் நிற்பதும் அவர். சீனப் பாடநூல்களுக்கு யுவான் ஒரு சீன வம்சம். 2020இல் பிரான்சின் நாந்த் நகர அருங்காட்சியகம் உள்மங்கோலிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தபோது, 'செங்கிஸ் கான்', 'பேரரசு', 'மங்கோலிய' என்ற சொற்களை எடுத்துவிடச் சீன அதிகாரிகள் கேட்டார்கள். அருங்காட்சியகம் மறுத்து, கண்காட்சியைத் தள்ளிவைத்தது. 2023இல் மங்கோலிய நாட்டின் ஒத்துழைப்போடு, செங்கிஸ் கான் பெயரிலேயே அது நாந்தில் திறக்கப்பட்டது.